கன்னத்தைச் சுரண்டினால் பெண் தெரிந்துவிடுமா?

1985, ஜப்பானின் கோபே நகரம். உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டி. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ, 'பெண்' என்ற சான்றிதழை மறந்துவிட்டு வந்திருந்தார். மறுபடியும் சோதனை! கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ஓடக்கூடாது என்றார்கள். செல்லில் ஒரு புள்ளி இல்லையாம்!

அது என்ன புள்ளி? பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒன்று. பெண்ணில் இரண்டும் முழுதாக வேலை செய்தால் கணக்கு உதைக்கும். அதனால் கரு வளரும்போதே ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸைச் சுருட்டி, பெரும்பாலும் வாயடைத்துவிடுகிறது. எந்த எக்ஸ் என்பது செல்லுக்குச் செல் மாறும். 1961-இல் மேரி லயன் சொன்னது இது. சில பெண் பூனைகளின் உடம்பில் கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத்திட்டாக இருப்பது இதனால்தான். சுருட்டப்பட்ட எக்ஸ்தான் அந்தப் புள்ளி. 1949-இல் மர்ரே பாரும் எவார்ட் பெர்ட்ராமும் பூனையின் நரம்புச் செல்களில் பார்த்தது. பெயர் 'பார் பாடி'.

ஆக, புள்ளி சொல்வது ஒன்றே ஒன்று: செல்லில் ஒன்றுக்கு மேல் எக்ஸ் இருக்கிறது. அவ்வளவுதான்! டர்னர் குறைபாடு உள்ள பெண்கள் பலருக்கு ஒரே எக்ஸ்; புள்ளி கிடையாது. க்ளைன்ஃபெல்ட்டர் குறைபாடு உள்ள ஆணுக்கு எக்ஸ் எக்ஸ் ஒய், புள்ளி உண்டு. அதாவது பெண் ஃபெயில், ஆண் பாஸ்!

லெட்ஜர் எத்தனை என்று எண்ணிவிட்டு, கம்பெனிக்கு லாபம் என்று கையெழுத்துப் போடும் ஆடிட்டரை யாராவது நம்புவார்களா? ஒலிம்பிக் கமிட்டி 1968-இல் ஆரம்பித்து இருபது ஆண்டுக்கு மேல் நம்பியது.

மரியாவுக்கு எக்ஸ் ஒய். ஆனால் அவர் உடம்பு டெஸ்டோஸ்டிரோன் சொல்வதைக் கேட்பதே இல்லை. அதனால் ஓட்டத்தில் அவருக்கு அது எந்த வகையிலும் உதவாது. 1986-இல் விஷயம் பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகை போனது, சாதனைகள் அழிக்கப்பட்டன, மணக்க இருந்தவரும் விலகினார். 1988-இல் மீண்டும் ஓட அனுமதித்தார்கள். போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

பெண்கள் போட்டியில் நியாயம் வேண்டும் என்பது சரிதான். அதற்கு முதலில் அளவுகோல் எதை அளக்கிறது என்று தெரிய வேண்டாமா? 2025-இல் உலகத் தடகள அமைப்பு, எஸ்.ஆர்.ஒய் என்ற ஒரே ஜீனைத் தேடும் சோதனையைக் கொண்டுவந்தது. மரியா போன்றவர்களுக்கு அதில் விதிவிலக்கு உண்டு. நல்லதுதான். ஆனால் விதிவிலக்கு தேவைப்படுகிறது என்பதே, ஒரு ஜீன் மட்டும் போதாது என்ற ஒப்புதல் வாக்குமூலம் இல்லையா?

புள்ளி பொய் சொல்லவில்லை. கேள்வி கேட்டவர்கள்தான் தப்பாகக் கேட்டார்கள்.