விருதிலிருந்து இறங்கிய பெயர்

2019 ஆகஸ்ட் 18. அயர்லாந்தின் டப்ளின் நகரில் உலக விஞ்ஞானக் கதை மாநாட்டின் விருது விழா. சிறந்த புதிய எழுத்தாளருக்கான ஜான் டபிள்யூ. கேம்பெல் விருதை வாங்க மேடையேறினார் ஹாங்காங்கில் பிறந்த ஜீனட் இங். முதல் வாக்கியத்திலேயே குண்டைத் தூக்கிப் போட்டார். எந்த மனிதர் பெயரில் இந்த விருதோ, அந்த மனிதர் ஒரு பாசிஸ்ட் என்றார். அரங்கில் கைதட்டல். வெளியே ரகளை.

ஒன்பதே நாட்கள். ஆகஸ்ட் 27 அன்று, 1973 முதல் இருந்துவந்த பெயர் எடுக்கப்பட்டது. விருது இனி 'அஸ்டவுண்டிங்' விருது. இதை அறிவித்தவர் 'அனலாக்' பத்திரிகையின் அப்போதைய ஆசிரியர் ட்ரெவர் குவாக்ரி. அதாவது, ஒரு காலத்தில் கேம்பெல் உட்கார்ந்த நாற்காலியில் இருந்தவர்.

கேம்பெல் லேசுப்பட்ட ஆளில்லை. 1937 இறுதியில், 27 வயதில், நியூயார்க்கில் 'அஸ்டவுண்டிங்' பத்திரிகையின் பொறுப்பை ஏற்றவர் 1971இல் சாகும்வரை அந்த இடத்தை விடவில்லை. நடுவில் 1960இல் பத்திரிகை 'அனலாக்' என்று பெயர் மாறியது, ஆசிரியர் மாறவில்லை. அசுரப் பிராணிகளும் அலறும் அழகிகளுமாக இருந்த துறையில், விஞ்ஞானம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு எழுதவைத்தவர் அவர். சுஜாதாவைப் படித்தவர்களுக்குப் பழக்கமான அசிமோவின் மூன்று ரோபோ விதிகளைத் தன் கதைகளிலிருந்து பிரித்தெடுத்துச் சொன்னதே கேம்பெல்தான் என்று அசிமோவ் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார். கூலியும் ஒழுங்காக வரும். 1930களின் கடைசியில் வார்த்தைக்கு ஒரு சென்ட், அதுவும் கதையை ஏற்றுக்கொண்டதுமே. மற்ற பல பத்திரிகைகளில் பாதிதான், அச்சான பிறகுதான். இந்த ஒரு சென்ட்டை மறந்துவிட்டு மீதிக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஏனென்றால் மனிதருக்கு வாய் அடங்காது. அலுவலகத்துக்குக் கதையோடு வருகிற இளைஞர்கள் முதலில் அவரது பிரசங்கத்தைக் கேட்டாக வேண்டும். 1960களில் அது தலையங்கங்களிலும் ஏறியது. கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்துவைப்பதில் தப்பில்லை, அடிமை முறை அப்படியொன்றும் கொடுமையில்லை என்கிற ரீதியில் எழுதினார். 1964இல் சிகரெட்டும் புற்றுநோயும் பற்றி அமெரிக்க அரசு மருத்துவ அறிக்கை வந்தபோது அதையும் நம்ப மறுத்தார். சும்மா சீண்டிப் பார்க்கிறார், விவாதத்தைக் கிளப்புகிறார் என்று சமாதானம் சொன்னவர்கள் இருந்தார்கள். அடிமை முறை பற்றிய சீண்டல் யார் வீட்டில் சுடும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

டப்ளினுக்குப் பிறகு எழுந்த முக்கியமான ஆட்சேபம் இதுதான்: அவர் அந்தக் காலத்து மனிதர், இன்றைய அளவுகோலை வைத்து அவரை அளக்கலாமா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே காலத்தில், அவரிடமே சம்பளம் வாங்கிய எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

முதலில் ராபர்ட் ஹைன்லைன். ஆசியர்கள் படையெடுத்து அமெரிக்காவைப் பிடித்துவிடுகிறார்கள். ஒரு கைப்பிடி அமெரிக்கர்கள் போலி மதம் ஒன்றைத் தொடங்கி அதன் மறைவில் அவர்களை விரட்டுகிறார்கள். இந்தக் கதையைக் கேம்பெல் தானே எழுதிவைத்திருந்தார். அதை ஹைன்லைனிடம் கொடுத்துத் திருப்பி எழுதச் சொன்னார். 1941இல் 'சிக்ஸ்த் காலம்' என்று தொடராக வந்தது. மூலத்தில் இருந்த இனவெறியை எடுக்க வேறு கோணத்தில் எழுத வேண்டியிருந்தது என்று ஹைன்லைன் 1980இல் எழுதினார். அவர் கழுவிய பிறகும் கறை நிறையவே மிச்சம். இனம் பார்த்துக் கொல்லும் ஆயுதம் அப்படியே இருக்கிறது. ஓர் ஆசிய வாசகரால் அதை நெளியாமல் படிக்க முடியாது. ஆனால் ஒன்று உறுதியாகிறது. கேம்பெல் சொன்னதில் கோளாறு இருப்பது ஹைன்லைனுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அசிமோவ் செய்தது இதைவிடச் சுவாரஸ்யம். ரஷ்யாவில் பிறந்த யூதர். 18 வயதில், 1938இல், கேம்பெல்லின் அறைக்குள் நுழைந்தவர். வேற்றுக்கிரகவாசிகள் வரும் கதையென்றால் கடைசியில் மனிதன்தான் உசத்தி என்று முடிய வேண்டும் என்பது ஆசிரியர் கட்டளை. அந்த மனிதன், உற்றுப் பார்த்தால், வட ஐரோப்பிய வெள்ளையன். ஐரோப்பாவில் ஹிட்லர் நாடு நாடாக விழுங்கிக்கொண்டிருந்த 1940இல் ஒரு யூத இளைஞனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? 'ஹோமோ சோல்' கதையில் கேம்பெல்லின் கைவரிசையைப் பார்த்து நெளிந்த அசிமோவ் சண்டை போடவில்லை. ஆசிரியரை இழக்க அவரால் முடியாது. ஆகவே வேற்றுக்கிரகவாசிகளையே கதையிலிருந்து நீக்கிவிட்டார். 1942இல் தொடங்கிய 'ஃபவுண்டேஷன்' வரிசையில் மனிதர் வாழும் கிரகங்கள் சுமார் இரண்டரைக் கோடி. வேற்று இனம் ஒன்றுகூடக் கிடையாது. உலகப் புகழ்பெற்ற அந்தப் பிரபஞ்சத்தின் முக்கியமான அம்சம் ஒன்று, ஆசிரியரின் வாய்க்கு அஞ்சி எடுத்த ஒரு குறுக்கு வழி.

இதை அசிமோவ் விளக்கமாகச் சொன்னது 1972இல், கேம்பெல் இறந்த மறுவருஷம், 'தி எர்லி அசிமோவ்' நூலில். அந்த நூலையே கேம்பெல்லின் நினைவுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார். நன்றியும் நெருடலும் ஒரே அட்டைக்குள். இரண்டில் எதையும் பொய் என்று தள்ள முடியாது.

நேருக்கு நேர் கோபப்பட்டவர் மைக்கேல் மூர்காக். 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பர் கலவரம் நடந்த அதே மாதம் லண்டனில் உலக மாநாடு. விவாத மேடையில் பக்கத்தில் இருந்தவர் கேம்பெல். சிலர் இயற்கையிலேயே அடிமைகள், விடுதலை கிடைத்தால் அவர்களுக்குத் துக்கம்தான் என்று அங்கே அவர் பேசியதை 1978இல் ஒரு கட்டுரையில் பதிவு செய்தார் மூர்காக். 'நியூ வேர்ல்ட்ஸ்' பத்திரிகைக்கு அவரே ஆசிரியர். கேம்பெல்லின் செக்கை எதிர்பார்த்து இருக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவருக்கே எழுத்தில் கொண்டுவர 13 வருஷம் ஆகியிருக்கிறது. இன்னொரு பக்கம், கேம்பெல்லின் சீடர் ஹாரி ஹாரிசன் 1966இல் அந்தத் தலையங்கங்களைத் தொகுத்துப் புத்தகமாகவே போட்டார்.

உண்மையில் அடி வாங்கியவர் சாமுவேல் டிலேனி. கறுப்பர். 25 வயதுக்குள் நெபுலா விருது பெற்றவர். 1967இல் அவருடைய 'நோவா' நாவலைத் தொடராக வெளியிட முடியுமா என்று ஏஜென்ட் கேம்பெல்லிடம் கேட்டார். கதாநாயகனின் தாய் செனகல் நாட்டவர், தந்தை நார்வேக்காரர். மற்றதெல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் கறுப்பு நாயகனோடு என் வாசகர்கள் ஒட்ட மாட்டார்கள் என்று பதில் வந்தது. 'என் வாசகர்கள்' என்பது ஆசிரியர்கள் எப்போதும் கைவசம் வைத்திருக்கும் திரை. டிலேனி நாயகனின் நிறத்தை மாற்றவில்லை. 1968இல் டபுள்டே நிறுவனம் நாவலை வெளியிட்டது. இன்று அது அத்துறையின் முக்கிய நாவல்களில் ஒன்று. நடந்ததை விஞ்ஞானக் கதை உலகின் இனவெறி பற்றிய 1998 கட்டுரையில் டிலேனி நிதானமாக எழுதினார். வசைச் சொல் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

25 வயது எழுத்தாளரை நிறம் பார்த்துத் திருப்பியனுப்பியவர் பெயரில்தான் 46 வருஷம் புதிய எழுத்தாளர் விருது கொடுத்திருக்கிறார்கள். டிலேனியின் கட்டுரை வெளிவந்து 21 ஆண்டுகள் அது எல்லோர் கையிலும் இருந்தது. பெயர் அசையவில்லை. விருது வாங்க வந்த ஒரு பெண் மைக் முன்னால் சொன்ன பிறகுதான் அசைந்தது. செத்தவரை அடிப்பது வீரமா என்று இங்கைக் கேட்டார்கள். அவர் உயிரோடு இருந்தபோது பேசியவர்கள் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்கலாம். 'பாசிஸ்ட்' என்ற சொல் அளவு மீறியது என்று நினைப்பவர்களுக்கும் அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் 2000இல் இதே விருதை வாங்கிய கோரி டாக்டோரோ, இங் சொன்னது சரி என்று தலைப்பிலேயே எழுதினார். பழைய விருதாளர் ஒருவர் தன் அலமாரியில் இருக்கும் பெயரைப் பற்றி அப்படிச் சொல்வது சாதாரணமல்ல.

மறுவருஷம், 2020இல், நியூசிலாந்தில் நடக்க வேண்டிய மாநாடு கொரோனா காரணமாக இணையவழியில் நடந்தது. விழாவைத் தொகுத்து வழங்கியவர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' புகழ் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின். 1973இல் முதன்முதலாக இந்த விருது வழங்கப்பட்டபோது இறுதிப் பட்டியலில் இருந்தவர். பழைய நினைவில் கேம்பெல்லின் பெருமைகளை நீளமாகப் பேசினார். அதே இரவில் இங்கின் டப்ளின் உரைக்கே ஒரு ஹியூகோ விருது கிடைத்தது. பெயர் மாறிய பிறகு முதல் முறையாகப் புதிய எழுத்தாளர் விருதைப் பெற்றவர், சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஆர்.எஃப். குவாங்.