நியூட்ரல்

நான் லாரியைக் கவிழ்த்தவன். அதை மறைக்கவில்லை. தொப்பூர் கணவாயில், விடிகாலை ஐந்தரைக்கு, 400 மூட்டை நாசிக் வெங்காயத்தோடு கவிழ்த்தேன். எனக்கு அப்போது 23 வயசு. தனியாக வண்டி எடுத்து நாலாவது மாசம். அதற்கப்புறம் யார் கேட்டாலும் "ஆமாங்க, என் தப்புதான்" என்றே சொல்லி வந்திருக்கிறேன். ஓனரிடம் சொன்னேன், ஸ்டேஷனில் சொன்னேன், அம்மாவிடம் சொன்னேன். நாலு வருஷமாச்சு. மீதியையும் இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல் பக்கத்தில் பிறந்தவனுக்கு லாரி புதுசில்லை. பாடி கட்டும் பட்டறைச் சத்தத்தில்தான் தூங்கி எழுந்தேன். ரெண்டு வருஷம் கிளீனராக ஓடினேன். டயர் தட்டிப் பார்த்தேன், தார்ப்பாய் கட்டினேன், டிரைவருக்குச் சோறு ஆக்கிப் போட்டேன். ஹெவி லைசென்ஸ் எடுத்த அன்றைக்கு அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தது. அந்த லைசென்ஸை எனக்கு எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? சமதரையில், காலி லாரியில், கொஞ்ச தூரம் முன்னே ஓட்டிக் கொஞ்ச தூரம் பின்னே எடுத்துக் காட்டினேன். அவ்வளவுதான். 20 டன் ஏற்றிய வண்டி இறக்கத்தில் என்ன செய்யும் என்று ஒருத்தர் சொல்லித் தந்தாரா? ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாரா?

முதல் மாசமே தப்புப் பண்ணினேன். தாவணகெரேயிலிருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வந்தபோது தார்ப்பாயை இழுத்துக் கட்டவில்லை. மழையில் மேல் வரிசை மூட்டைகள் நனைந்து போயின. அந்தக் காசு என் படியில் போனது. சரி, கட்டத் தெரியாதவனுக்குத் தண்டனை, ஒப்புக்கொள்கிறேன். ரெண்டாம் மாசம் மண்டியில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்துப் பின் விளக்கு நொறுங்கியது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா? கிளீனர் சம்பளம் மிச்சமாகட்டும் என்று என்னை ஒற்றை ஆளாக அனுப்பியது யார்? அந்த விளக்குக்கு என் படியில் பிடித்தது யார்? ரெண்டும் ஒரே ஆள்தான்.

அப்புறம் மைலேஜ். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் காட்டணும், குறைந்தால் அந்த டீசல் காசு டிரைவர் தலையில். எனக்கு நாலு வரவேயில்லை. மூணு, மூணரை. கணக்கு நோட்டை மூடிக்கொண்டே ஓனர் சொன்னார்: "கண்ணு, தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல்ல விடு, வண்டி தானா உருண்டு போயிரும். எல்லாரும் அப்படித்தான் மைலேஜ் காட்டறாங்க." நான் கிளீனராக இருந்த வண்டியிலும் அப்படித்தான் இறங்குவோம். டிரைவரண்ணன் கியரைக் கழற்றிவிட்டுப் பீடி பற்றவைப்பார். அதுதான் நான் படித்த படிப்பு.

திங்கள் சாயங்காலம் நாசிக்கில் லோடு. புதன் விடிவதற்குள் சேலத்தில் இறக்கணும். 1,200 கிலோமீட்டருக்கு மேல், ஒரே ஆள். ஹூப்ளி தாண்டி ஒரு டாபாவில் ரெண்டு மணி நேரம் கண்ணை மூடினேன். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் ஓட்டணும் என்று 1961லேயே மோட்டார் தொழிலாளர்களுக்குச் சட்டம் போட்டார்களாம். அது 5 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்த இடத்துக்குத்தானாம். ஒரு லாரி, ரெண்டு லாரி வைத்திருப்பவரிடம் ஓட்டுகிறவனுக்கு மட்டும் தூக்கம் வராதா?

தர்மபுரி தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் நியூட்ரலில் விட்டேன். வண்டி உருண்டது. பிரேக்கை மிதித்தேன், குறைந்தது. மறுபடி மிதித்தேன். மறுபடி. கருகின வாடை வந்தது. ரப்பர் எரிகிற மாதிரி இல்லை, வேறு மாதிரி, தொண்டையில் ஒட்டுகிற வாடை. ஏர் மீட்டரில் முள் இறங்கிக்கொண்டே வந்தது. பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. கியருக்குள் தள்ளப் பார்த்தேன், அந்த வேகத்தில் கியர் விழவில்லை, கரகரவென்று பல் கடித்தது. முன்னால் ஒரு பஸ். ஜன்னலில் சாய்ந்து தூங்குகிற ஒரு தலை தெரிந்தது. இடது பக்கம் ஒடித்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது கேபின் சாய்ந்து கிடந்தது. இடது கால் கிளட்ச் பெடலுக்கும் தகரத்துக்கும் நடுவில். உடைந்த கண்ணாடி வழியாக ஒருத்தர் எட்டிப் பார்த்தார். "டிரைவர் உசுரோடதான் இருக்கான்" என்று பின்னால் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு மூட்டைப் பக்கம் போய்விட்டார். வெங்காயம் விலை ஏறியிருந்த நேரம். மடியில் கட்டினார்கள், ஹெல்மெட்டில் அள்ளினார்கள். நான் "தண்ணி, தண்ணி" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எல்லாம் நம்ம ஜனம், நம்ம வீட்டிலும் அந்த விலைக்கு வெங்காயம் வாங்கியிருக்க மாட்டோம். ஆனால் ஒரு வாய் தண்ணிக்கு என்னங்க விலை?

2024 ஜனவரியில், இடித்து உயிர் போயும் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் வரை ஜெயில் என்ற பிரிவை எதிர்த்து வடக்கே லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்களே, அப்போது டீக்கடையில் ஒருத்தர் என்னிடமே கேட்டார்: "தப்புப் பண்ணாதவன் ஏன்டா ஓடணும்?" நான் ஓடவில்லை. கால் மாட்டிக்கொண்டிருந்தது. என்னை வெளியே இழுத்ததும் முதலில் விழுந்தது ஒரு அறை. கால் நன்றாக இருந்திருந்தால் ஓடியிருப்பேனா? தெரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் மூணாம் நாள். காலில் தகடு வைத்துக் கட்டியிருந்தார்கள். ஓனரிடமிருந்து ஆள் வந்தது. எனக்குப் பழமோ ரொட்டியோ இல்லை, 20 ரூபாய் பத்திரத் தாள் ரெண்டு கொண்டுவந்தார். ஒரு எழுத்தும் எழுதாத தாள். "சும்மா ஒரு நம்பிக்கைக்குத்தான் தம்பி" என்றார். மயக்க மருந்து முழுசாகத் தெளியவில்லை. கையெழுத்துப் போட்டேன். லைசென்ஸையும் அவரே வாங்கிப் போனார். வண்டிக்கும் சரக்குக்கும் இன்சூரன்ஸ் வந்துவிட்டது என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். பிறகு எதற்கு நஷ்டம் என்று ஓனர் என் தலையில் 1,80,000 ரூபாய் கட்டினார்? எந்தக் கணக்கில்? அம்மா ஒரு நாள் கேட்கப் போனது. வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

உருண்டு வந்த மூட்டை அடித்து ஒரு பெரியவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. பால் கேனோடு மொபெட்டில் வந்தவர். கட்டை ஊன்றி அவர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். கயிற்றுக் கட்டிலில் இடம் விட்டு உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு கேட்டார்: "எத்தன நாளாப்பா தூங்கல?" போலீஸ் கேட்காத கேள்வி. ஓனர் கேட்காத கேள்வி. அங்கேயே அழுதுவிட்டேன்.

கால் ஊன்ற ஒரு வருஷம் ஆயிற்று. பிரேக் லைனர் மாற்றும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கேதான் மேஸ்திரி ஒரு நாள் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இறக்கத்தில் கியரில் விட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசலே போகாதாம், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுமாம், வண்டியையும் இழுத்துப் பிடிக்குமாம். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்குமாம். எனக்குக் கை நடுங்கியது. அப்படியானால் நான் எதை மிச்சம் பிடிக்கப் போனேன்? மிச்சமே இல்லாத ஒன்றுக்கா என் கால்? அந்தப் பெரியவர் தோள்? இது ஓனருக்குத் தெரியாதா? முப்பது வருஷம் லாரி வைத்திருப்பவருக்கு? தெரியாமல் சொல்லியிருந்தால் அது அறியாமை. தெரிந்தே சொல்லியிருந்தால் அதற்கு என்ன பெயர்?

இப்போது முட்டை வண்டி ஓட்டுகிறேன், வேறொருத்தரிடம். பெங்களூருக்கு ஏற்றிப் போய்க் காலியாகத் திரும்புவேன். காலி வண்டிதான், ஆனாலும் தொப்பூர் வந்தால் மூணாவது கியர். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், கடந்து போகும்போது கெட்ட வார்த்தை சொல்வார்கள். சொல்லட்டும். முதல் தடவை இறங்கினபோது இடது கால் அதுபாட்டுக்கு ஆடியது, கையால் தொடையை அழுத்திக்கொண்டு இறங்கினேன்.

போன தை மாசம் பழைய ஓனரிடம் கடைசித் தவணையைக் கட்டிவிட்டேன். 1,80,000 முழுசாக. லைசென்ஸ் கையில் வந்தது. அந்த ரெண்டு பத்திரத் தாளைக் கேட்டேன். "எங்கயோ இருக்கும், தேடித் தர்றேன் கண்ணு" என்றார். மூணு தடவை போய்விட்டேன். தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம், வீடு அம்மா பேரில் இருக்கிறது. என் கையெழுத்துக்கு மேலே அந்த வெற்றுத் தாளில் இப்போது என்ன எழுதியிருக்கிறதோ?