சந்தர்ப்பவாதக் கிருமி

புனேக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. மைக்ரோபயாலஜி லேபில் வேலை என்றால் நம்மாட்களில் பாதிப் பேர் ரத்தம் எடுப்பவன் என்றுதான் நினைக்கிறார்கள். யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் மட்டும் என் ஞாபகம் வரும். போன மாதம் மாடி வீட்டுப் பெண் கல்ச்சர் ரிப்போர்ட்டோடு வந்து நின்றாள். திருச்சியிலிருந்து வந்திருந்த அவள் அப்பாவுக்குப் பக்கவாதம், வென்டிலேட்டரில் எட்டாவது நாள். நுரையீரலில் சூடோமோனாஸ்.

"அண்ணா, சேர்க்கும்போது இது இல்லையே. முதல் நாளே பெரிய ஊசியாப் போடுங்கன்னு கெஞ்சினேன். போட்டுமா இப்படி?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பெரிய ஊசிக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உடம்பில் சும்மா குடியிருக்கும் பாக்டீரியாக்களை மருந்து ஒழித்துவிட்டால், காலியான இடத்துக்கு வருவது இந்த மாதிரி ஆசாமிகள்தான்.

சூடோமோனாஸ் ஏரூஜினோசா ஈரம் உள்ள இடமெல்லாம் இருக்கும். மண், குழாய், சின்க், பூ ஜாடித் தண்ணீர். நல்ல உடம்புக்காரரை அநேகமாக ஒன்றும் செய்யாது (கான்டாக்ட் லென்ஸைக் கழுவாமல் போடுகிறவர்கள் ஜாக்கிரதை). தட்டில் வளர்த்தால் நீலப்பச்சையாக, பழுத்த திராட்சை வாசனையோடு அழகாகவே இருக்கும். காயக்கட்டில் வந்த இந்த நிறத்தைத் துரத்திப் போய்த்தான் கெஸ்ஸார் என்ற பிரெஞ்சுக்காரர் 1882-இல் இதைப் பிரித்தெடுத்தார். அழகான அந்த நிறமி, பயோசயனின், நம் செல்களுக்கு விஷம்.

ஆயுதங்கள் இன்னும் உண்டு. எலாஸ்டேஸ் என்ற என்சைம் நுரையீரல் திசுவை அரிக்கும். எக்ஸோடாக்ஸின் ஏ, தொண்டை அடைப்பான் விஷத்தைப் போலவே, செல் புரதம் தயாரிப்பதை நிறுத்திவிடும். ஊசி மாதிரி ஒரு உறுப்பால் நம் செல்லுக்குள் நேராகவே விஷத்தைச் செலுத்தும். இதில் பலவற்றைத் தனியாக இருக்கும்போது எடுக்காது. ஒன்றுக்கொன்று ரசாயன சமிக்ஞை அனுப்பி, கூட்டம் சேர்ந்தது தெரிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். இதைச் சந்தர்ப்பவாதி என்கிறது எங்கள் பாடப்புத்தகம். நம்மூர் அரசியல் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

அந்தக் கூட்டம் சேர வாகான இடம் பிளாஸ்டிக் குழாய். மூச்சுக்குழாய், மூத்திரக் குழாய், கழுத்து நரம்பில் போடும் லைன். அதன் சுவரில் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். மருந்தும் வெள்ளையணுவும் அதற்குள் போய் வேலை செய்வது கஷ்டம். லேபில் நாங்கள் மருந்தைச் சோதிப்பது பெரும்பாலும் தனியாக மிதக்கும் கிருமியின் மேல். ரிப்போர்ட்டில் 'கேட்கும்' என்று போட்ட மருந்து ஆளிடம் கேட்காமல் போக இதுவும் ஒரு காரணம்.

என் கட்சி இதுதான். நாம் டாக்டரிடம் "என்ன ஆன்டிபயாடிக் போடறீங்க?" என்றே கேட்கிறோம். "இந்தக் குழாய் இன்னிக்கும் வேணுமா?" என்று கேட்பதில்லை. தேவை இருக்கும்வரை அது உயிரைக் காக்கும், சரி. தேவை முடிந்தும் மறதியில் விட்டுவைப்பது நடக்கிறது. ஆஸ்பத்திரிகளும் இதை வீட்டாருக்குச் சொல்வதில்லை, பில்லை மட்டும் விளக்கமாகச் சொல்வார்கள்.

நம் பக்கமும் தப்பு இருக்கிறது. ஊரிலிருந்து ரயிலேறி வந்த சொந்தமெல்லாம் கை கழுவாமல் கட்டிலைச் சுற்றி நிற்கும். அத்தை ஒருத்தர் கோயில் தீர்த்தத்தைக் குழாய் போட்ட வாயோரம் தடவுவார். அன்புதான், ஆனால் ஈரம். ஐ.சி.யு.வில் ஈரம் வேண்டாம் அத்தை, பிரசாதத்தை நாம் சாப்பிடலாம்.

இதையெல்லாம் அவளிடம் பாதிதான் சொன்னேன். ஊசி விஷயத்தை விட்டுவிட்டேன். மறுநாள் காலை அவள் மூத்திரக் குழாயைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். டியூட்டி டாக்டர் சார்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்றே எடுத்துவிட்டாராம். மூச்சுக்குழாய் எடுக்க மேலும் ஆறு நாள் ஆனது. மாமா இப்போது வார்டில் இருக்கிறார். பேச்சு இன்னும் குழறுகிறது.