எழுதுகோல் பிள்ளையுடையது, எழுத்து எவருடையது?



நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வழிவழியாய் எழுதிவரும் கட்டுரை ஒன்றுண்டு. 'மாடு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது நமக்குப் பால் தருகின்றது.' விடியலில் எழுந்து தொழுவம் கூட்டி, கன்றை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் பள்ளிக்கு வரும் உழவன் மகனும் இதையே எழுதுகின்றான். பாலைப் பையிலன்றி வேறெங்கும் கண்டறியாத நகரத்துப் பிள்ளையும் இதையே எழுதுகின்றது. இருவர்க்கும் ஒரே மதிப்பெண்! தன் வீட்டு மாடு கடனுக்கு விலையாகிப் போன நாளில் தாய் அழுததை அவ்வுழவன் மகன் எழுதிவிட்டாலோ, 'பாடத்தில் இல்லாதது' என்று சிவப்புக் கோடு விழும். இஃது எழுத்துப் பயிற்சியா? வெறும் படியெடுப்பு அன்றோ?

பிற நாட்டார் தம் பிள்ளைகளை எவ்வாறு எழுதப் பழக்குகின்றனர் என்று பார்ப்போம்.

'தமிழெழுத்து 247, பிஞ்சு உள்ளம் எவ்வாறு தாங்கும்?' என்று உருகுவோர் முதலில் சப்பானைக் காண்க. அங்கே ஆறு அகவைப் பிள்ளைக்கு 46 அடிப்படை எழுத்துகள் கொண்ட அசையெழுத்து வரிசைகள் இரண்டு காத்திருக்கின்றன. அவற்றின்மேல் முதலாண்டிலேயே 80 சீன வடிவெழுத்துகள். ஆறாண்டு முடிவதற்குள் 1,026 என்பது 2020 முதல் உள்ள நடைமுறை. நம் 247-ஓ 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் சில குறிகளும் அறிந்தார்க்கு ஒழுங்காய் விரிவன!

அச்சுமையால் சப்பானியப் பிள்ளை ஊமையாகிவிடவில்லை. 1918-இல் சுசுகி மியெகிச்சி தொடங்கிய 'சிவப்புப் பறவை' என்னும் சிறுவர் இதழ், பிள்ளைகள் கண்டதைக் கண்டவாறே எழுதியனுப்பச் செய்து அச்சிட்டது. 1930-களில் வறுமை மிக்க வடகிழக்குச் சிற்றூர்களில் ஆசிரியர் பலர், மாணவர் தம் வீட்டையும் உழைப்பையும் பசியையும் தம் சொல்லாலேயே எழுதுமாறு பழக்கினர். 'வாழ்க்கை எழுத்து' என்பது அம்முறையின் பெயர். அரசு என்ன செய்தது? 1940 முதல் அவ்வாசிரியர்களைத் தளைப்படுத்தியது! சிறுபிள்ளை உண்மை எழுதினால் பேரரசும் அஞ்சும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, நம் ஆங்கிலவழிப் பள்ளிகள் தலைமேல் வைத்துக் கூத்தாடும் இங்கிலாந்து. அங்கே ஐந்து அகவையிலேயே கட்டாயக் கல்வி. 2014-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி, தொடர்முதலில் நிற்கும் வினையடையை ஒன்பது அகவைக்குள் பிள்ளை பயின்றாக வேண்டும். பதினோர் அகவையில் இலக்கணத்திற்கும் நிறுத்தக்குறிக்கும் தனித்தேர்வு. இது 2013-இல் புகுத்தப்பட்டது. 2016-இல் வானொலி நேர்காணல் ஒன்றில், ஒரு தொடரில் வரும் 'ஆப்டர்' என்னும் சொல் முன்னிடைச்சொல்லா இணைப்பிடைச்சொல்லா என்று பள்ளித்துறை அமைச்சர் நிக் கிப்பை வினவினர். அமைச்சரே தவறாக விடையிறுத்தார்! குழந்தைப் பாவலர் மைக்கேல் உரோசன் போன்றோர் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்துள்ளனர்.

இலக்கணம் வேண்டாவென்று யாம் கூறவில்லை. தொல்காப்பியம் தந்த இனத்தார்க்கு இலக்கணம் பகையாகுமோ? ஆயின், எழுத்து முன்னது. அதன் இலக்கணம் பின்னது. எழுத ஒன்றுமில்லாத பிள்ளைக்கு இலக்கணப் பெயர்களை மட்டும் ஊட்டுவது, நெல் விளையாத வயலுக்குக் களஞ்சியம் கட்டுவதாகும்.

பின்லாந்தில் ஏழு அகவையில்தான் பள்ளி. தொடக்கப்பள்ளியில் நாடளாவிய பொதுத்தேர்வே இல்லை. 2016 முதல் கூட்டெழுத்தும் கட்டாயமில்லை. இந்நாடே 2000-இல் நடந்த பன்னாட்டுப் படிப்புத்திறன் ஆய்வில் முதலிடம் பெற்றது. பின்னாளில் அதன் இடம் இறங்கியதுண்டு. எனினும் காலந்தாழ்ந்து தொடங்கினால் பிள்ளை கெட்டுவிடும் என்னும் அச்சம் பொய்யென்பதற்கு அதுவே சான்று.

இம்மூன்று நாட்டு முறைகளும் வேறு வேறு. ஆனால் மூன்றிலும் பெரும்பாலான பிள்ளைகள் தம் தாய்மொழியிலேயே எழுதத் தொடங்குகின்றனர். நம் நாட்டிலோ, மூன்றரை அகவையில் மழலையர் பள்ளிக்கு இழுத்துச் சென்று, 'தி கவ்' என்று தொடங்கும் பத்து வரியை நெட்டுருப் போடச் செய்கின்றோம். பெற்ற தாய் படித்தறிய இயலாத மொழியில் பிள்ளை எழுதுகின்றது; அதைக் கண்டு தாயும் மகிழ்கின்றாள். வெட்கக்கேடு!

ஆசிரியப் பெருமக்களே, யாம் வேண்டுவது பெரிதன்று. கிழமைக்கு ஒரு பக்கம். பிள்ளை தான் கண்டதை, தன் தாய்மொழியில், உரைநூலின் துணையின்றி எழுதட்டும். அதற்கு மதிப்பெண் இடாதீர்கள். முதலில் அது சொல்லும் செய்தியைப் படியுங்கள். பிழையைப் பின்னர்த் திருத்துங்கள். பெற்றோரே, அப்பக்கத்தை வீட்டில் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எழுதுகோலைப் பிள்ளையிடம் தந்துவிட்டுச் சொல்லை நாமே பிடித்து வைத்துக்கொண்டால், அது தந்ததாகுமா?