விழிப்புணர்வின்மை என்னும் வசதியான சொல்

பால்புதுமையருக்கு மருத்துவம் எட்டாமற்போவதைப் பற்றி நம் கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே சொல்லில் போய் நிற்கின்றன: விழிப்புணர்வின்மை. நோயாளிக்கு விழிப்புணர்வு இல்லை, மருத்துவருக்கு இல்லை, சமூகத்துக்கும் இல்லை. ஆகவே ஒரு பயிலரங்கு, ஒரு கையேடு, ஒரு சுவரொட்டி. இச்சொல்லை நாம் கைவிட வேண்டும் என்கிறேன். மருத்துவருக்குத் தெரியாமல் இருப்பதன்று இங்குள்ள சிக்கல். அவருக்குத் தவறாகக் கற்பிக்கப்பட்டிருக்கிறது, அதில் தேர்வு வைத்து மதிப்பெண்ணும் வழங்கப்பட்டிருக்கிறது.

2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் இளநிலை மருத்துவப் படிப்புக்கான வழிகாட்டு நெறிகளைத் திருத்தி வெளியிட்டது. தடயவியல் மருத்துவப் பகுதியில் ‘இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள்’ என்ற தலைப்பின்கீழ்ப் பெண்களின் தன்பாலீர்ப்பு மீண்டும் வந்து உட்கார்ந்திருந்தது. கன்னித்திரை, கன்னித்தன்மை பற்றிய பழைய பாடங்களும் உடன் வந்தன. எதிர்ப்பு எழுந்ததும் செப்டம்பர் 5 அன்று அந்த ஆவணம் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த வாரமே அவ்வரிகள் நீங்கிய வேறொரு பதிப்பு வந்தது. வெற்றி என்று பதிவிட்டுவிட்டு நாமும் கலைந்து போனோம்.

ஆனால் அந்த வரி எப்படி வந்தது? 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவை 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து விடுவித்தது. காலனிய அரசு எழுதிய அந்தப் பிரிவின் வாசகத்தில்கூடப் பெண்களின் தன்பாலீர்ப்பு என்றொரு சொல் கிடையாது. ஆங்கிலேயன் எழுதாத குற்றத்தை நம் பாடத்திட்டம் எழுதி வைத்திருந்தது. 2021 ஜூனில் சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால நெறிகளை வகுத்து, பாலீர்ப்பை மாற்றும் ‘சிகிச்சை’களுக்குத் தடை விதித்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக அதே ஆண்டு அக்டோபரில் இதே ஆணையம், பால்புதுமையரை இழிவுபடுத்தும், அறிவியலுக்குப் புறம்பான பகுதிகளைப் பாடநூல்களிலிருந்து நீக்கும்படி கல்லூரிகளுக்கும் நூலாசிரியர்களுக்கும் அறிவுறுத்தியது. 2022இல் அந்தப் போலிச் சிகிச்சையைத் தொழில்முறை ஒழுக்கக்கேடு என்றும் அறிவித்தது. இவ்வளவும் எழுதிய அமைப்பு மூன்றே ஆண்டில் பழைய பாடத்தைத் தானே மீட்டுக் கொண்டுவருகிறது என்றால், அதன் பெயர் அறியாமையா?

அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தம் புரிதல் போதாது என்று உத்தரவிலேயே பதிவுசெய்து, ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்க முன்வந்தார். ஒரு நீதிபதிக்கு இருந்த அந்தத் துணிவு, முப்பதாண்டுகளாக ஒரே குறிப்பேட்டை வாசித்துவரும் பேராசிரியர் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது?

வகுப்பறையின் விளைவைப் புறநோயாளிப் பிரிவில் காணலாம். மகப்பேறு, பெண்நோய்ப் பிரிவில் முதலில் கேட்கப்படுவது ‘கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்பதே. பாலுறவு வரலாற்றை அறிவதற்கு நம் மருத்துவம் வைத்திருக்கும் நாகரிகமான மாற்றுச்சொல் அது. ‘இல்லை’ என்று சொல்லும் தன்பாலீர்ப்புப் பெண்ணிடம் அடுத்த கேள்வியே வராது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை அவருக்கு உரியதன்று என்று அந்த ஒற்றைச் சொல்லே முடிவுசெய்துவிடும். ஒரு திருநம்பிக்குக் கருப்பைக் கட்டி இருந்தால் எந்த வரிசையில் நிற்பார், எந்தக் கூடத்தில் படுப்பார்? காய்ச்சலுக்கு வந்த திருநங்கையிடம் காய்ச்சலைத் தவிர எல்லாம் கேட்கப்படும். ஆசனவாய் வெடிப்போடு வரும் ஆண், உண்மையைச் சொன்னால் கிடைக்கும் பார்வையை அஞ்சி, மலச்சிக்கல் என்று சொல்லி மருந்து வாங்கிப் போவார். இவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்கிறோம். தம்மைச் சந்திக்கப்போகும் மருத்துவர் என்ன படித்து வந்திருக்கிறார் என்பது இவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அரசு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பவர்கள் காப்பீட்டைச் சுட்டுவார்கள். 2022இல் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் விரிவாக்கம், மாற்றுப்பாலினத்தவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உறுதியளிக்கிறது. வரவேற்கிறேன். அது தேசிய இணையதளத்தின்வழிச் சான்றிதழ் பெற்றவருக்கே உரியது, தன்பாலீர்ப்பினருக்கு அதில் இடமில்லை என்பன ஒருபுறம் இருக்கட்டும். காப்பீடு கட்டணத்தைத் தான் செலுத்தும். ஹார்மோன் சிகிச்சையைப் படிக்காத மருத்துவரை அது படித்தவராக்காது.

இத்தனைக்கும் பாடத்திட்டத்தை மீளாய்வு செய்வது யாரும் இரந்து கேட்கும் சலுகையன்று. மாற்றுப்பாலினத்தவர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் இயற்றப்பட்டபோதே அதன் 15ஆம் பிரிவு அதை அரசின் கடமையாக வைத்தது. அப்பிரிவின் வரிசையையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்: முதல் உட்பிரிவு எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்களைப் பற்றியது. சிகிச்சை அதற்குப் பிறகே வருகிறது. இம்மக்களை நம் பொதுச் சுகாதாரம் நெடுங்காலம் தொற்றின் கொள்கலமாக மட்டுமே அறிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. சமூக அறிவியலாளராகிய நாமும் அந்த நிதியில்தான் களப்பணி செய்தோம். ‘அதிக இடர் குழு’ என்ற சொல்லை மேற்கோள் குறிகூட இன்றி ஆய்வேடுகளில் பயன்படுத்தினோம்.

எனவே இன்னொரு பயிலரங்கு வேண்டாம். மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எவரையும் கேளுங்கள்: வினாத்தாளில் வராத பாடம் நடத்தப்படுவதில்லை. மனப்பாங்கு, அறம், தொடர்பாடல் என்று ஒரு பகுதியை 2019 முதல் பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். இப்பொருளை அங்கே ஒரு மணிநேரத்தில் ஒதுக்கிவிட்டு, தடயவியல் வகுப்பில் பழைய பாடத்தையே நடத்த முடியும். பெண்நோயியல், மனநலம், நாளமில்லாச் சுரப்பியியல் என ஒவ்வொரு துறையின் தேர்விலும் இது கேள்வியாக வர வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தின் கடந்த பத்தாண்டுத் தடயவியல் மருத்துவம், மனநல மருத்துவ வினாத்தாள்களைத் திரட்டுங்கள். இணையத்தில் இல்லையெனில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள். நூலகத்தில் எந்தப் பாடநூலின் எந்தப் பதிப்பு இன்னும் இரவல் போகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை அவற்றின் அருகில் வைத்து, ஒவ்வொரு கல்லூரியின் பெயரோடும் வெளியிடுவோம்.