உப்பளத்தில் தேய்வது எது?



இந்தக் கோடை இதழ் உங்கள் கைக்கு வரும்போது நாமெல்லாம் நிழல் தேடி ஒதுங்கிக்கொண்டிருப்போம். தூத்துக்குடி உப்பளங்களில் இதுதான் வேலைக்காலம். வெயில் ஏற ஏற உப்பு விளையும். ஊரே எதிர்பார்க்கும் மழை அங்கே பெய்துவிட்டால் பாத்தியில் விளைந்தது கரைந்துபோகும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்க அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. வெயிலும் காற்றும் போதும். கடல்நீரையோ கரையோரத்து நிலத்தடி உப்புநீரையோ பாத்தி மாற்றிப் பாத்தி பாய்ச்சி வற்றவைக்கிறார்கள். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். நீரின் அடர்த்தி பொமே அளவில் 25 டிகிரியைத் தொடும்போது சமையல் உப்பு விளையத் தொடங்கும். அளவு மீறி வற்றவிட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசக்கும். எஞ்சிய நீரை எப்போது வடிப்பது என்று அறிந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு ஆட்கள் பாத்தியில் இறங்கி, உப்பை உடைத்து, வாரி, வரப்பில் குவித்து, தலைச்சுமையாய்க் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவர்களில் பெண்கள் ஏராளம். வெள்ளைப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உப்புநீரில் ஊறிய பாதம் வெடித்துப் புண்ணாகிறது. இந்த வாழ்க்கையை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வெயிலின் கடுமை அன்று போலத்தான் இன்றும்.

நிலக்கரி தீரும், ஆற்றுமணல் தீரும் என்று கவலைப்படுகிறோம், படத்தான் வேண்டும். கடலில் உப்பு தீரப்போவதில்லை. இந்தத் தொழிலில் தேய்வது வாருகிறவர்களின் உடம்பு. கடலும் வெயிலும் கூலி கேட்பதில்லை. கேட்கக்கூடிய ஒரே தரப்பு மனிதர்கள். அவர்களுக்கு நியாயமான பங்கு தருவது அவ்வளவு கடினமா என்ன?

வேலையில்லாத மழைக்காலத்துக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. நல்ல காரியம். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குப் பாதுகாப்பு, அருகிலேயே குடிநீர், ஒதுங்க நிழல், கழிப்பறை ஆகியவையும் ஒவ்வோர் உப்பளத்திலும் இருந்தாக வேண்டும்.

உங்கள் ஊரிலும் மண்ணையோ நீரையோ நம்பி ஒரு தொழில் நடக்கும்: செங்கல் சூளை, கல்குவாரி, தேயிலைத் தோட்டம், மீன்பிடி. அங்கே எது தேய்கிறது, மண்ணா மனிதரா, இல்லை இரண்டுமா? விசாரித்து எழுதுங்கள். வரும் இதழ்களில் உங்கள் கடிதங்களுக்குத் தாராளமாக இடம் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்