சிங்கராசா வழக்கு: ஐ.நா. ஏற்றது, கொழும்பு மறுத்தது

தாயகச் சிறைகளில் வாடும் உறவுகளுக்காக ஜெனிவாவில் முறையிடலாமா எனக் கார் து நோரில் எம்மவர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நல்லரட்ணம் சிங்கராசாவின் வழக்கை நினைவூட்டுகிறோம்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், குற்ற ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு, 1995 இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்கும் பொறுப்பும் அவர்மீதே சுமத்தப்பட்டது. 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை 35 ஆண்டுகளாகக் குறைத்தது. 2000 இல் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

2004 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதெனக் கண்டு, விடுதலை அல்லது மறுவிசாரணையும் நட்டஈடும் வழங்கப்படல் வேண்டுமெனக் கூறியது. அதனை முன்வைத்து அவர் மீண்டும் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2006 செப்டெம்பர் 15 இல் மனு தள்ளுபடியாயிற்று. அக்குழுவிடம் தனிநபர் முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் 1997 இல் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது என்றது, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா எழுதிய தீர்ப்பு.

பிரான்சிலோ, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் உரிமைமீறலைக் கண்டால், குற்றத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் வழியை 2000 யூன் 15 ஆம் திகதிய சட்டம் திறந்தது.

ஜெனிவாவில் வெல்வது பாதி வழியே. அவ்வெற்றியை ஏற்று வழக்கை மீளத் திறக்க உள்நாட்டு நீதிமன்றங்களைக் கடமைப்படுத்தும் சட்டம் வேண்டும். எமது கோரிக்கைகளில் அதுவும் இடம்பெறுதல் அவசியமென நாம் கருதுகிறோம்.